ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி வரி

மார்ச் 4

தம்பிக்கு,

போன் பண்ணியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் அம்மாவின் அடக்கத்தன்று நடந்ததெல்லாம் திரும்பவும் வாய்க்கு வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் போனை வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள் திடீரென்று எழுதுகிறாளே, இவளுக்கு என்ன காரியம் ஆக வேண்டும் என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய். காரியம் ஆக வேண்டும்.

எங்கள் மன்றத்தில் வாரா வாரம் வழிபாடு முடிந்ததும் பெண்களுக்கு வேத வகுப்பு நடக்குமே, அதை எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் மகனோடு வெளிநாடு போய்விட்டார். பிரசங்கியார் எல்லோர் முன்னிலையிலும் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அதுதான், நாம் 'செருமல்' என்று பெயர் வைத்திருந்தோமே, அவரேதான். இன்னும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் செருமிவிட்டுத்தான் பேசுகிறார். "நம்ம மருந்துக்கடை அம்மா எடுக்கட்டுமே. முதல் வரிசையை விட்டு அவங்க நகர்ந்து நான் பார்த்ததே இல்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டித் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை விழுந்தது. அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறது. அத்தனை காலம் அந்தப் புத்தகத்தை நான் தூசி தட்டியிருக்கிறேனே தவிர, திறக்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது தெரியுமா? மற்றவர்களிடம் சொல்ல அதைவிடக் கூச்சம்.

நீ அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். நம் மன்றத்தாருக்கென்றே இருக்கிற வேதத்தை நான்கு பதிப்புக்கு எழுத்து எழுத்தாகப் படித்துப் பிழை திருத்தியவன். நம்புகிற எனக்குத் தெரியாதது, நம்பாத உனக்குத் தலைகீழ்ப் பாடம். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், ஒரு பக்கம், எளிமையாக எழுதி அனுப்புவாயா? கிண்டல் இல்லாமல்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. சும்மா இருந்துவிடாதே.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

கிண்டல் இல்லாமல் என்று கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாயே, அதுதான் கஷ்டம். முதல் வரிசை மருந்துக்கடை அம்மாவுக்கு, வாசலைத் தாண்டாத தம்பி பாடம் எழுதுகிறான். இதைவிடப் பெரிய கிண்டலை நான் எங்கே போய்த் தேடுவது?

எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேனா ஓடாது. அம்மாவின் அடக்கத்தன்று நான் மன்றத்துக்குள் வர மறுத்தேன் என்று நீ உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய். நான் மறுக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே வரத்தான் வந்தேன். வாசலில் நீ கையை நீட்டி மறித்தாய். "நம்பாதவன் உள்ள வந்தா அம்மா ஆன்மாவுக்கு ஆகாது. வேதத்துலயே இருக்கு" என்றாய். எந்த அத்தியாயத்தில் என்று நான் கேட்கவில்லை. அம்மா உள்ளே கிடக்கிறாள். அங்கே நின்று அத்தியாயமா கேட்பார்கள்? கேட்டுக்குப் பக்கத்தில் செருப்புகளோடு செருப்பாக நின்றேன். நீங்கள் பாடியதெல்லாம் வெளியே கேட்டது. எனக்கு எல்லாப் பாட்டும் தெரியும், அக்கா. வாய் மட்டும் அசையவில்லை.

சரி, விடு. முதல் அத்தியாயத்துக்குக் குறிப்பு இணைத்திருக்கிறேன். "ஆதியில்" என்று தொடங்குகிற வரியை எல்லோரும் இழுத்து இழுத்து வாசிப்பார்கள். நீ சாதாரணமாக வாசி. அழகு தானாக வரும்.

தம்பி


மார்ச் 20

தம்பி,

வாசல் விஷயத்துக்கு நான் இப்போது பதில் சொல்லப்போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால் வகுப்பு நடக்காது.

வகுப்பு பிரமாதம். இரண்டு வாரமாக நீ எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாராட்டு சுகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்து ஒன்பதாம் அத்தியாயம் வைக்கச் சொல்லியிருக்கிறார் செருமல். விருந்து வைக்கிற வீட்டுக்காரன் பொழுது சாய்ந்ததும் கதவை அடைக்கிற கதை. அவருக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம். சீக்கிரம் அனுப்பு. கடையில் இருமல் சீசன். எனக்கு உட்காரவே நேரமில்லை.

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்கா,

ஒன்பதாம் அத்தியாயத்துக்கான குறிப்பு இத்துடன். கதவைப் பற்றிச் சொல்லும்போது வீட்டுக்காரனை மட்டும் பார்க்காதே. உள்ளே சாப்பிடுகிறவர்களையும் பார். கதவு அடைத்த சத்தம் கேட்டும் ஒருவனாவது தட்டிலிருந்து தலையைத் தூக்கினானா?

கடைசி வரியை வகுப்பில் சத்தமாக வாசி. 9:31. "கதவு அடைக்கப்பட்ட பின்னும், வெளியே காத்து நின்றவன் வீட்டாரில் ஒருவனாகவே எண்ணப்பட்டான்."

ஒரு வேண்டுகோள். நான் எழுதுவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படி. சந்தேகம் வந்தால் போன் பண்ணு. கத்தினாலும் பரவாயில்லை.

தம்பி


ஏப்ரல் 8

என் அன்புத் தம்பி,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. நீ ஒரு பெரிய புண்ணியம் செய்திருக்கிறாய். புண்ணியம் என்ற சொல் உனக்குப் பிடிக்காது. இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்.

என் கடைக்கு அடுத்தது தையல்கடை. அதை நடத்துகிறவளின் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மன்றத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. "எனக்கு அதெல்லாம் ஒத்துவராது, நீ போயிட்டு வா" என்று மனைவியை இறக்கிவிட்டு, வழிபாடு முடிகிறவரை வண்டியிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மழை வந்தால் எதிரே கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவரின் கடை முகப்பில் ஒதுங்கி நிற்பார். அவள் வெளியே வந்ததும் வண்டியைக் கிளப்புவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

அவர் போனபின் அவள் செருமலிடம் போய், "அவர் இப்ப எங்க இருப்பார்?" என்று கேட்டிருக்கிறாள். செருமிவிட்டு ஒன்பதாம் அத்தியாயத்தைச் சொல்லியிருக்கிறார். கதவு அடைக்கப்பட்டது, வெளியே இருப்பவர்கள் வெளியேதான் என்று. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. தூக்க மாத்திரை கேட்டு என் கடைக்கு வந்து நிற்பாள். டாக்டர் சீட்டு இல்லாமல் நான் தரமாட்டேன். திரும்பிப் போவாள்.

வகுப்பில் நீ எழுதியிருந்த கடைசி வரியை வாசித்தேன். அவள் பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். "இன்னொரு தடவை வாசிங்க அக்கா" என்றாள். வாசித்தேன். தரையில் உட்கார்ந்து அழுதாள் பார், கூட இருந்த எல்லோரும் அழுதோம். "மழையில எல்லாம் நின்னாரே, எனக்காக நின்னாரே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

செருமலிடம் விஷயம் போயிற்று. நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அவர் செருமிவிட்டு, "ஆமாம், ஆமாம், அருமையான வரி. நாம அடிக்கடி மறந்துபோற வரி" என்றார். இன்னொரு அம்மா, "எங்க அப்பா தினம் சாப்பிட உட்காரும்போது இதைத்தான் சொல்வார்" என்றார். பாதிப் பேருக்கு அந்த வரி சின்ன வயதிலிருந்தே தெரியுமாம். எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது என்று வெட்கமாக இருந்தது.

அவள் இப்போது மாத்திரை கேட்டு வருவதில்லை. படுத்தால் தூங்கிவிடுகிறாளாம். கணவரின் கல்லறைக்கு வைக்கிற கல்லில் அந்த வரியையே பொறிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், கீழே 'வேதம் 9:31' என்று. "உங்க தம்பிக்கு என் கும்பிடு சொல்லுங்க" என்றாள். நீதான் எழுதித் தருகிறாய் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

அம்மா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

கடையில் இருந்தால் இதைப் படிக்காதே. வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு படி.

அந்த வரி வேதத்தில் இல்லை. நான் எழுதியது.

ஒன்பதாம் அத்தியாயம் இருபத்தெட்டாவது வரியோடு முடிகிறது. 'கதவு அடைக்கப்பட்டது.' அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் காகிதம். வேண்டுமென்றேதான் முப்பத்தொன்று என்று எண் போட்டேன். புத்தகத்தைத் திறந்து பார்க்கிற எவருக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நீ திறப்பாய், தேடுவாய், "டேய் கழுதை" என்று போன் பண்ணுவாய் என்று நினைத்தேன். உன் திட்டைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இது பாதிக் காரணம். மீதிப் பாதி அவ்வளவு நல்லதில்லை. முதல் வரிசைக்காரர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துவிடலாம் என்ற கொழுப்பு. என்னை வாசலில் நிறுத்தியவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது என்று உனக்குக் காட்ட வேண்டும் என்ற வன்மம்.

உன் கடிதம் வந்ததும் முதலில் சிரித்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வாராமே ஒரு அப்பா, அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்ன என்று கேட்டார். அவருக்குப் படித்துக் காட்டலாம் என்று பக்கத்தின் மேலே திரும்பிப் போய், அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுத இடத்தை மறுபடி வாசித்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

எனக்கு அவளைத் தெரியாது, அக்கா. அவர் வெளியே நின்றதும் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. கல்லில் வெட்டுவதை மட்டும் நிறுத்திவிடு. இன்றே ஆளனுப்பு.

தம்பி


ஏப்ரல் 15

கல் வெட்டியாகிவிட்டது. நட்டும் ஆகிவிட்டது.

புத்தகத்தைத் திறந்தேன். இருபத்தெட்டு. கீழே வெறும் காகிதம். நீ சொன்னபடியேதான்.

மருந்துச் சீட்டை மூன்று தடவை பார்க்காமல் நான் ஒரு தலைவலி மாத்திரைகூடக் கொடுத்ததில்லை. பெட்டியில் பெயர் பார்ப்பேன், தேதி பார்ப்பேன், மறுபடி சீட்டைப் பார்ப்பேன். உன் வரியை மட்டும் பார்க்காமலே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். புத்தகம் மடியில்தான் இருந்தது. திறந்தால் மற்றவர்கள் முன்னால் பக்கம் தேடித் தடுமாறுவேனோ என்று திறக்கவில்லை. அவ்வளவுதான் என் பக்தி.

உன்மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. அதையும் முழுசாகப் படமுடியவில்லை. பட ஆரம்பித்தால் பாதி என்மேலேயே திரும்புகிறது. இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவள் மெஷின் ஓடுகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கிறது. வேலை செய்துகொண்டே மெல்லப் பாடுகிறாள்.

எழுதாதே.


ஏப்ரல் 19

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

இங்கே ஐந்தாம் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று என் மேஜைக்கு ஒன்பதாம் அத்தியாயத்தின் மெய்ப்பு வந்தது. இருபத்தெட்டாவது வரிக்குக் கீழே அரைப் பக்கம் காலி. கையில் சிவப்புப் பேனா. ஓரத்தில் மூன்று வரி எழுதி அம்புக்குறி போட்டால் போதும், அச்சுக் கோக்கிற பையன்கள் கேள்வி கேட்காமல் சேர்த்துவிடுவார்கள். அடுத்த மாதம் அச்சாகி, கட்டாகி, உங்கள் மன்றத்துக்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பிறகு அவள் கல்லில் இருப்பது பொய்யில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு புத்தகத்தில் என் சொந்தச் சொல் ஒன்றைச் சேர்த்ததில்லை. நேற்று பேனா காகிதத்தில் பட்டுவிட்டது. ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பக்கத்தை அனுப்பினேன்.

என் நேர்மையைச் சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த அரைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. மற்றக் குறிப்புகளுக்கெல்லாம் அடித்து அடித்து எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கிண்டல் என்று நினைத்துத்தான் எழுதினேன். கிண்டல் அவ்வளவு சுலபமாக வராது, எனக்குத் தெரியும்.

நான் வந்து அவளிடம் சொல்கிறேன். திட்டட்டும், அடிக்கட்டும், காறித் துப்பட்டும். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லிவிட முடியும். வகுப்பு உன்னிடமே இருக்கட்டும். அல்லது சொல்லவே வேண்டாம், அவள் தூங்கட்டும் என்று நீ நினைத்தால் அதையும் எழுது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் புத்தகத்தை இத்தனை தடவை படித்திருக்கிறேன், இந்த விஷயத்தில் எனக்கு அது கைகொடுக்கவில்லை.

தம்பி


மே 6

தம்பி,

இத்தனை நாள் நான் எழுதாததற்குக் காரணம், வேதம் படித்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, சீட்டைப் பார்க்கிற மாதிரி விரல் வைத்து. அவள் கையிலிருந்து உன் வரியைப் பிடுங்குவதற்கு முன்னால் அந்த இடத்தில் வைக்க நிஜமான ஒரு வரியாவது கிடைக்காதா என்றுதான் ஆரம்பித்தேன். சில நல்ல வரிகள் இருக்கின்றன. எதுவும் மழையில் நின்ற மனுஷனுக்குப் பொருந்தவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

முந்தாநாள் அவள் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். உனக்காகக் காத்திருக்கவில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்தது நான், நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். அவள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தாமலே கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் நிறுத்தினாள்.

"ஒரு மாசம் தூங்கினேன் அக்கா" என்றாள். "அந்தத் தூக்கத்தை இப்ப நான் திருப்பிக் கொடுக்கணுமா?"

"எல்லாரும் தெரியும்னு சொன்னீங்களே. பிரசங்கியார் ஐயாகூடத் தலையாட்டினாரே. ஒருத்தருமே திறந்து பார்க்கலையா?" என்றாள். இல்லை என்றேன். "நானும்தான் பார்க்கலை" என்றாள். "பயமா இருந்துச்சு."

பிறகு அவளாகவே கேட்டாள். "உங்க தம்பி மன்றத்துக்கு வர்றவரா?"

"இல்லம்மா. அவன் நம்பாதவன். எங்க அம்மா அடக்கத்துக்கே வெளியிலதான் நின்னான்."

அவள் என்னைப் பார்த்தாள். "நின்னாரா, நிக்க வச்சீங்களா?" என்றாள்.

அன்றைக்கு அவள் பின்வரிசையில் இருந்திருக்கிறாள். அவள் கணவர் வெளியே வண்டியில் இருந்திருக்கிறார். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு அழுதார், என்ன சொல்வதென்று தெரியாமல் பேப்பரில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். நீ எனக்கு இதை எழுதவே இல்லையே தம்பி. அழுதாய் என்றும் எழுதவில்லை.

"நான் நிக்க வச்சேன்" என்றேன்.

"அப்ப வெளியில நிக்கிறது எப்படின்னு உங்க தம்பிக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். காஜாவை எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நேற்று கல்வெட்டுகிறவரை அழைத்துப்போய்க் கல்லில் 'வேதம் 9:31' என்பதை மட்டும் தேய்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறாள். வரி அப்படியே இருக்கிறது. தேய்த்த இடம் கொஞ்சம் குழிந்து, கை வைத்தால் தெரிகிறது. என்னை அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதே. இன்று காலை கடைக்கு வந்து டாக்டர் சீட்டை நீட்டினாள். மூன்று தடவை பார்த்துவிட்டுத் தூக்க மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

வகுப்பிலும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா, "எங்க அப்பா சொன்னது வேற வரியா இருக்கும்" என்றார். செருமல் செருமினார். முதல் தடவையாக அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வகுப்பை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. இனி திறந்து வைத்துப் படிக்கிற வகுப்பாக இருக்கும் என்று நானே சொன்னேன். நான் உட்காருகிற இடமும் மாறிவிட்டது, அவளுக்குப் பக்கத்தில்.

அவள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். திட்டுவதற்கா, வேறெதற்கா என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் அம்மாவின் நினைவுக்காக மன்றத்தில் வழிபாடு வைத்திருக்கிறேன். வா. அடக்கத்தன்று இஸ்திரி போட்டு வந்த அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வா.

நீ அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். விரல் வைத்து முழுக்கப் படித்துவிட்டேன். வாசலில் உன்னை மறித்து நான் சொன்னது எந்த அத்தியாயத்திலும் இல்லை.

அக்கா